நாற்பத்தோராவது கேள்வி

தென்கடல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கேள்வி கேட்க யாருக்கும் எந்தத் தடையும் கிடையாது. கேள்விகளைத் துறையே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. மொத்தம் நாற்பது. வழவழப்பான தாளில், ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலோடு, ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற பெயரில் கையேடாக வந்திருக்கிறது. சேர வருகிற பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாற்பதில் எது தங்களுடைய சந்தேகம் என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

தஸ்னீமின் சந்தேகம் அந்த நாற்பதில் இல்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் தொண்டிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவள். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வேதியியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்ததும், அம்மா நஃபீசாவைக் கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டாள். இராமநாதபுரத்தில் பஸ் மாறி, மினிபஸ் ஏறி, கருவேலங்காட்டுக்கு நடுவே இறங்கினால் எதிரே பல்கலைக்கழகத்தின் நுழைவாயில். அந்த நுழைவாயிலைக் கட்டிய சிமெண்டில் ஒரு தெருவுக்கே வீடு கட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மாற்றுச் சான்றிதழை ஒப்படைத்துச் சேர்ந்துவிட வேண்டும் என்பது கடிதத்தின் உத்தரவு. இராமநாதபுரத்துக்குள்ளேயே ஒரு பழைய கல்லூரியும் அவளுக்கு வேதியியலில் இடம் கொடுத்திருந்தது. அங்கேயும் அதே வெள்ளிக்கிழமை, அதே ஐந்து மணி. சான்றிதழோ ஒன்றே ஒன்று. பல்கலைக்கழகத்தின் பீரோவுக்குள் போனால் அது ஐந்து வருடம் கழித்துத்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை அவள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அந்த ஒரு விஷயத்தைக் கிளப்பிவிட்டவர் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் ஹாதி. வளைகுடாவில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றில் பைப் ஃபிட்டருக்கு எடுபிடி வேலை பார்க்கிறவர். கடிதம் வந்த செய்தி கேட்டதும் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

“தஸ்னீமு, இங்கன லேபுல ஒரு பொண்ணு இருக்கும்மா. அது கண்ணாடிக் கொழாயத் திருகிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் தண்ணி வெளிய போவும். அம்புட்டுப் பெரிய ஆலையும் அந்தப் புள்ள கையப் பாத்துக்கிட்டு நிக்கிது. வேலைக்கு எடுக்கறப்ப சர்டிபிகேட்ட ஓரமா வச்சுட்டு, ஒரு பாட்டில் தண்ணியக் குடுத்து, இதுல உப்பு எவ்வளவுன்னு செஞ்சு காட்டச் சொல்றாங்ய. நீ எங்கன வேணாலும் படி. கையால செஞ்சு படிக்கிற எடமான்னு மட்டும் கேட்டுட்டுச் சேரு.”

ஆகவே தஸ்னீமின் கேள்வி இதுதான்: ஆய்வகத்தில் மாணவர்கள் தாங்களே கையால் பரிசோதனை செய்வார்களா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தைப் பதில்.

வழிகாட்டு மையம் என்று எழுதியிருந்த மேசைக்குப் பின்னால் கௌரவ விரிவுரையாளர் வினோத்குமார் உட்கார்ந்திருந்தார். கௌரவ விரிவுரையாளர் என்பவர், மற்ற விரிவுரையாளர்களின் வேலை அனைத்தையும் கௌரவமாகச் செய்கிறவர்.

“நம்பர் சொல்லும்மா” என்றார்.

“என்ன நம்பர் சார்?”

“கேள்வி நம்பரு. ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும்.”

தஸ்னீம் கேள்வியைச் சொன்னாள். வினோத்குமார் கையேட்டைப் புரட்டினார். “லேபா? லேபு பதினேழுல வருது. ‘ஆய்வகம் உண்டா? உண்டு.’ பதினெட்டு, ‘ஆய்வகம் பெரியதா? பெரியது.’ பத்தொம்போது, ‘உபகரணங்கள் உண்டா? உண்டு, பட்டியல் பின்னிணைப்பில்.’ இதுல எது ஒன்னோடது?”

“அதெல்லாம் படிச்சிட்டேன் சார். அதுல நாங்களே செய்வமான்னு போடலையே.”

அவள் உண்மையிலேயே எல்லாவற்றையும் படித்திருந்தாள். ‘வேதியியல் கடினமான பாடமா? ஆர்வம் உள்ளவர்களுக்குக் கடினமில்லை. கடினமாக இருந்தால் ஆர்வமில்லை என்று பொருள்.’ ‘கணிதம் தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் நல்லதே.’ ‘வேலை கிடைக்குமா? உலகமே வேதியியலால் ஆனது. ஆகவே உலகமெங்கும் வேலை.’ ‘வேதிப்பொருட்களால் ஆபத்து உண்டா? எங்கள் துறையில் இல்லை.’ மினிபஸ்ஸில் இதைப் படித்தபோது அவளுக்குத் தைரியம் வந்திருந்தது. இரண்டாம் முறை படித்தபோது அது போய்விட்டது.

“இல்லேன்னா அது அடிக்கடி கேட்கப்படாத கேள்விம்மா” என்று வினோத்குமார் வருத்தத்தோடு சொன்னார். “அதுக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி கெடையாது. இருபத்தஞ்சு பேரு நேர்ல வந்து கேட்டு, இந்தப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் அது அடிக்கடில சேரும். அதுக்கப்புறம் கேள்விக் குழு கூடிப் பதில் எழுதும்.”

“இதுவரைக்கும் எத்தன பேரு சார் கேட்டிருக்காங்க?”

பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “யாரும் கேக்கலம்மா.”

“ஏன் சார்?”

“கையேட்டுல இல்லையே. இல்லாதத யாரு கேப்பா?”

தஸ்னீமுக்கு இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. ஆனால் அவர் அவ்வளவு பணிவாகச் சொன்னதால் ஓட்டை தன் பக்கம்தானோ என்றும் தோன்றியது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நஃபீசா வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவள், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“இருபத்தஞ்சு பேருதான? இந்தா வாரேன்.”

நஃபீசா கல்யாண வீட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய மனுஷி. சேர்க்கைக்கு வந்து வரிசையில் வெந்துகொண்டிருந்த குடும்பங்களிடம் போய், “தம்பி, ஒரு கேள்வி கேக்கணும், சித்த வந்துட்டுப் போ” என்று ஒவ்வொருவராக எழுப்பினாள். நயினார்கோவிலிலிருந்து மகனோடு வந்திருந்த மருதுபாண்டி என்ற விவசாயி, “நம்ம பயலுக்கு வரலாறுல்ல எடம் கெடச்சிருக்கு?” என்றார். “கேள்வி கேக்குறதுக்கு என்னண்ணே வரலாறு, புவியியலு” என்று நஃபீசா அவரையும் கிளப்பிவிட்டாள். அரை மணி நேரத்தில் வழிகாட்டு மையத்தின் முன்னால் இருபத்தைந்து பேர் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வினோத்குமார் ஒவ்வொருவரிடமும் அதை முதல்முறையாகக் கேட்பதுபோல் தலையாட்டி, எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கினார். கடைசியாகக் கேட்ட மருதுபாண்டி, “ஆமா, என்ன பதிலு?” என்று நின்றார். “நாளைக்குக் குழு கூடுதுங்கய்யா” என்று சொல்லி அவரை அனுப்ப வேண்டியிருந்தது.

புதன்கிழமை குழு கூடியது. உள்ளே துறைத் தலைவர் முனைவர் தங்கப்பாண்டியும் உறுப்பினர்கள் மூவரும். மேசை மேல் முந்திரிப்பருப்பு. தஸ்னீமை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவும் சொன்னார்கள்.

தங்கப்பாண்டி பதிவேட்டைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். பிறகு, “இருபத்தஞ்சு பேர் கேட்டிருக்காங்க. ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல கேட்டிருக்காங்க. அடிக்கடின்னா என்னம்மா அர்த்தம்? விட்டு விட்டுக் கேக்கணும். இது இருபத்தஞ்சு பேர் சேர்ந்து ஒரே தடவ கேட்டதுதான்” என்றார்.

உறுப்பினர்கள் மூவரும் அந்தக் கூர்மையை மெச்சி முந்திரி எடுத்துக்கொண்டார்கள்.

“சார், ஆமாவா இல்லையான்னு வாயால சொன்னாக்கூடப் போதும்” என்றாள் தஸ்னீம்.

தங்கப்பாண்டி சிரித்தார். கோபப்படாத மனிதர் என்று துறையில் அவருக்குப் பெயர். கோபப்படுகிற அளவுக்கு அந்தத் துறையில் எதுவும் நடந்ததில்லை.

“இங்க பாரும்மா. ஆய்வகம்னா என்னன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. நான் இங்க பதினோரு வருஷமாத் தலைவரா இருக்கேன். பதினோரு வருஷத்துல ஒரு விபத்து உண்டா? ஒரு பிள்ளை கையச் சுட்டுக்கிட்டது உண்டா? ஒரு சோதனைக்குழாய் ஒடைஞ்சது உண்டா? இந்த மாநிலத்துலயே இப்படி ஒரு துறை கெடையாது. போன தடவ வந்த தர ஆய்வுக் குழு என்ன எழுதிட்டுப் போச்சு தெரியுமா? ‘உபகரணங்கள் புதிதுபோல் பேணப்படுகின்றன.’ புதிதுபோல்! அத நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். இது கடலோரம். உப்புக்காத்து. தராசத் தொறந்து வச்சா ஆறு மாசத்துல துரு ஏறிடும். ஒரு விஞ்ஞானி மொதல்ல கத்துக்க வேண்டியது பேணுதல்.”

“அப்ப உப்புப் பகுப்பாய்வெல்லாம் எப்படி சார் செய்வாங்க?”

“பாடத்திட்டப்படி” என்றார் தங்கப்பாண்டி.

கடைசியில் குழு ஒரு துணைக்குழுவை அமைத்தது. ஆறு மாதத்தில் அது அறிக்கை தரும். அதுவரை தஸ்னீம் சேர்ந்துவிடலாம், சேர்ந்தபிறகு இதே கேள்வியை மாணவி என்ற முறையில் இன்னும் உரிமையோடு கேட்கலாம் என்றார்கள். சேர்ந்தபின் கேட்கப்படும் கேள்விகளுக்கு வேறு குழு இருக்கிறதாம். அது இன்னும் அமைக்கப்படவில்லையாம்.

வெளியே வந்த தஸ்னீமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இவர்கள் உட்காரவைத்து, சிரித்து, முந்திரியை நகர்த்திவைத்து, ஒன்றுமே சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். பழைய பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுவிடலாம் என்றால், விடுமுறை என்று விடுதி பூட்டிக் கிடந்தது. அம்மா, “கண்ணால பாத்துருவோம் வா” என்று ஆய்வகத்தைத் தேடி இழுத்துக்கொண்டு போனாள்.

ஆய்வகம் இரண்டாவது மாடியில். கதவில் முழங்கை அளவு பூட்டு. அதற்கு ஒரு பெண் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வக உதவியாளர் பாண்டியம்மாள். உப்புக்காற்றில் பூட்டு இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவது அவள் வேலைகளில் முக்கியமானது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது உள்ளே வெள்ளை மேசைகளும், பாலித்தீன் உறை போட்ட கருவிகளும், வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாமான்களும் மின்னின. நகைக்கடை போலத்தான் இருந்தது. தஸ்னீம் ஒரு நிமிடம் ஆசையோடு பார்த்தபடி நின்றாள்.

“அக்கா, இதுல பிள்ளைக கையால செய்வாகளா?” என்று நஃபீசா நேரடியாகக் கேட்டாள்.

பாண்டியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஆர்டர் இல்லத்தா. தொறக்கறது, கழுவுறது, பூட்டுறது. அம்புட்டுத்தான் என் வேல.” பிறகு மனசு கேட்காமல், “வெள்ளிக்கிழம வாங்களேன். தர ஆய்வுக் கமிட்டி வருது. தொறந்துதான கெடக்கும், நீங்களே பாத்துக்கங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தொட்டிச் செடிகளெல்லாம் இராமநாதபுரத்து நர்சரியிலிருந்து ஒருநாள் வாடகைக்கு வந்திருந்தன. குழாய்களில் தண்ணீர் வந்தது. விடுமுறைக்குப் போயிருந்த மூத்த மாணவர்களில் எட்டுப் பேரைப் பிடித்துக் கொண்டுவந்து, புது வெள்ளைக் கோட்டு மாட்டி, ஆய்வகத்துக்குள் மேசைக்கு ஒருவராக நிறுத்தியிருந்தார்கள். நாற்பது கேள்விகளும் நாற்பது பதில்களும் எட்டுப் பேருக்கும் தலைகீழ்ப் பாடம். தஸ்னீம் வராந்தாவில் சான்றிதழ் இருந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று திறந்திருந்த கதவையே பார்த்தாள். அம்மா கீழே வேப்பமரத்தடியில் இருந்தாள்.

தர ஆய்வுக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை. நல்ல வெயிலில் வந்தவர். கோப்புகளைப் பார்த்தார், படக்காட்சியைப் பார்த்தார், மாலை போட்டுக்கொண்டார், பிரியாணி சாப்பிட்டார். மூன்று மணிக்கு ஆய்வகத்துக்குள் வந்து, “ரொம்ப சுத்தமா இருக்கு” என்றார். தங்கப்பாண்டியின் முகம் மலர்ந்தது. அடுத்து அந்த அம்மாள், பதினோரு வருடத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சரி, யாராவது ஒரு டைட்ரேஷன் செஞ்சு காட்டுங்க பார்ப்போம்” என்றார்.

டைட்ரேஷன் என்றால் பெரிய வித்தை எதுவுமில்லை. குழாயில் ஒரு கரைசல், குடுவையில் ஒரு கரைசல். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற சொட்டில் நிறுத்த வேண்டும். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தைரியமாக, “உலகமே வேதியியலால் ஆனது மேடம்” என்றான்.

தங்கப்பாண்டி வினோத்குமாரைப் பார்த்தார். வினோத்குமார் வராந்தாவுக்கு ஓடிவந்தார்.

“ஏம்மா, ஒனக்கு டைட்ரேஷன் தெரியுமா?”

“ஸ்கூல்ல செஞ்சிருக்கேன் சார். எங்க டீச்சர் வாரத்துக்கு ரெண்டு தடவ செய்ய விடுவாங்க.”

“வா வா. கோட்ட மாட்டு.”

கோட்டு மாட்டுவதற்குள் அலுவலக உதவியாளர் குறுக்கே வந்தார். கோட்டு மாணவர்களுக்கு மட்டும்; மாணவி என்றால் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்; விதி விதிதான். தஸ்னீம் தயங்கினாள். உள்ளே தங்கப்பாண்டி, “பிள்ளைக கையக் கழுவிட்டு வந்துட்டிருக்காங்க மேடம்” என்று சமாளிக்கிற சத்தம் கேட்டது. “சும்மா கைல வச்சிருக்கேன்மா, குடு” என்று கெஞ்சினார் வினோத்குமார். தஸ்னீம் கதவுக்கு அப்பால் மின்னிக்கொண்டிருந்த சாமான்களைப் பார்த்தாள். இவ்வளவு வாங்கி வைத்திருக்கிறவர்கள் தொடவிடாமலா இருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. சான்றிதழை உருவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கோட்டின் கழுத்தில் விலைச்சீட்டு உறுத்திக்கொண்டே இருந்தது.

கரைசல்கள் கம்பெனியிலிருந்தே கலந்து வந்த பாட்டில்களில் இருந்தன. சீல் உடைக்கப்படாதவை. காலாவதித் தேதி முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. தஸ்னீம் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நீண்ட கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் மாட்டி, அதன் திருகைத் திருப்பினாள். அசையவில்லை. பதினோரு வருடம் பேணியதில் இறுகிப்போயிருந்தது. பாண்டியம்மாள் சத்தமில்லாமல் நகர்ந்து வந்து முந்தானைக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். விரல் நுனியில் ஒரு துளி தொட்டு வைத்துத் திருப்பினாள் தஸ்னீம். திருகு இளகிக் கொடுத்தது.

அதன்பிறகு அவளுக்குச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோனது. ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிப்பெட்டால் அளந்து குடுவையில் விட்டாள். ஃபீனால்ப்தலீன் இரண்டு சொட்டு. குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு. இடது கை திருகில், வலது கை குடுவையைச் சுழற்றியபடி, சொட்டு, சொட்டு, சொட்டு. ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்து மறைந்தது. இன்னும் ஒன்று. மறுபடி மறைந்தது. இன்னும் அரைச்சொட்டு. ரோஜா மிட்டாய் நிறம் வந்து, போகாமல் நின்றது. அந்த அறையில் நடந்த முதல் வேதியியல் அதுதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் நான்கைந்து படம் எடுத்தார். தலைவி எழுந்து வந்து குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அழகா செஞ்சேம்மா. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

தஸ்னீம் தங்கப்பாண்டியைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் கேட்டாள்.

“லேப்ல மாணவர்கள் எல்லாரும் இப்படிக் கையால பரிசோதனை செய்வாங்களா மேடம்? வாராவாரம்?”

தலைவி தங்கப்பாண்டி பக்கம் திரும்பினார். ஒரே ஒரு நொடிதான். அதற்குள் தங்கப்பாண்டி கைகளை அகல விரித்துவிட்டார்.

“பாத்தீங்களா மேடம்? பாத்தீங்களா? வெளியிலேர்ந்து வந்திருக்கற ஒரு குழுவுக்கு முன்னாடி, துறைத் தலைவரையே வச்சுக்கிட்டு, ஒரு மாணவி பயமில்லாம கேள்வி கேக்குறா! இதத்தான் மேடம் நாங்க பதினோரு வருஷமா வளத்துக்கிட்டு வர்றோம். பதில் யாரு வேணும்னாலும் சொல்லிடலாம். கேள்வி கேக்கற பண்பாடு லேசுல வராது!”

தலைவி சற்று யோசித்தார். மதுரைக்குப் போகிற வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிறகு, “அருமை” என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். கேள்வி அப்படியே நின்றது.

குழு தேநீருக்குப் போனதும் பாண்டியம்மாள் அந்த இளஞ்சிவப்பைத் தொட்டியில் கொட்டினாள். குடுவையைக் கழுவித் துடைத்தாள். குழாயைப் பாலித்தீனில் சுற்றி அலமாரியில் வைத்தாள். எட்டுப் பேரும் கோட்டைக் கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஐந்தாம் ஆண்டு படிக்கிற நாகஜோதி என்ற பெண் தஸ்னீமை ஓரமாக இழுத்தாள்.

“ஏ, எப்புடி அந்த எடத்துல கரெக்டா நிப்பாட்டுன? எடது கையாலதான் திருகணுமா? எனக்கும் ஒரு தடவ சொல்லித் தாயேன். இந்த வருசத்தோட முடிஞ்சு வெளிய போயிருவேன்.”

தஸ்னீம் உடனே கேட்டாள். “அப்ப ரெக்கார்டு நோட்டெல்லாம்?”

“முந்தின செட்டுக்கிட்டேர்ந்து வாங்கி எழுதுவோம். அவங்க அவங்களுக்கு முந்தின செட்டுக்கிட்ட.”

மணி நான்கு தாண்டி ஐந்து நிமிடம். தஸ்னீம் வழிகாட்டு மையத்துக்கு ஓடினாள். வினோத்குமார் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, பேனாவைக் கையில் பிடித்து, எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

“சார், என் டி.சி...”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது கேள்விக் கையேட்டுக் கட்டுக்கு அடியிலிருந்து அவளுடைய சான்றிதழை உருவி மேசை மேல் வைத்தார்.

“வாங்குனவுடனே ஏத்தியிருக்கணும். மறந்துட்டேன் போல” என்றார். பிறகு மெதுவாக, “நானும் இங்கனதான்மா படிச்சேன்” என்றார்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். நஃபீசா விவரம் எதுவும் கேட்கவில்லை. மகள் ஓடிவருகிற வேகத்தைப் பார்த்ததுமே, குழுவுக்குக் கொண்டுவந்த தொட்டிச் செடிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்த நர்சரிக்காரரின் வண்டியை நிறுத்திவிட்டாள். “அண்ணே, ராம்நாடுதான? பெண்டு பிள்ளைக, முன்னாடி எடம் குடுங்க.” நான்கு ஐம்பதுக்கு அவர்கள் பழைய கல்லூரியின் வாசலில், உடையெல்லாம் தொட்டி மண்ணோடு, இறங்கினார்கள். அங்கே எழுத்தர், “இம்புட்டு நேரம் எங்கம்மா போனீங்க?” என்று நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

தென்கடல் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருடம் தரம் ஒரு படி உயர்ந்தது. அறிக்கையில் ‘கேள்வி கேட்கும் பண்பாடு’ தனியே பாராட்டப்பட்டிருந்தது. துணைக்குழுவும் சொன்னபடி கூடியது. செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து முறை, இரண்டு நாள் இடைவெளி விட்டு வெள்ளிக்கிழமை குழுவின் முன்னிலையில் ஒருமுறை; ஆகவே இந்தக் கேள்வி விட்டு விட்டுத்தான் கேட்கப்பட்டிருக்கிறது, அடிக்கடிதான் என்று அது ஒருமனதாகத் தீர்மானித்தது.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஒருநாள் அத்தாவின் தம்பியான சாச்சாவின் மகள் அம்ரீன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, தொண்டியில் தஸ்னீம் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தாள். கையில் வழவழப்பான புதுக் கையேடு. அட்டையில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண், இளஞ்சிவப்புக் குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“லாத்தா!” என்று அக்காவைக் கூப்பிட்டாள். “நீ ராம்நாடு டவுன் காலேஜுலதான படிக்கிற? இதுல என்ன ஒன் போட்டோ போட்டிருக்காக? நானும் வேதியியல்தான் எடுக்கப் போறேன். நீ படத்துல இருக்கியேன்னு இதுலயே சேந்துரலாம்னு அம்மா சொல்லுது.”

தஸ்னீம் கையேட்டை வாங்கினாள். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

‘41. ஆய்வகத்தில் மாணவர்கள் தாங்களே கையால் பரிசோதனை செய்வார்களா? அட்டைப் படத்தைப் பார்க்கவும்.’

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இந்த அட்டையைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் சான்றிதழோடு மினிபஸ் ஏறுவார்கள் என்று நினைத்ததும் ஆத்திரம் வந்தது. அவர்கள் அத்தனை பேருக்கும் பதில் என்று தன் முகத்தையே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“லேப் எப்புடி லாத்தா? நல்லாருக்குமா?”

தஸ்னீம் வலது கையை அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. தண்ணீரில் உப்பு பார்க்கிற சில்வர் நைட்ரேட் பட்டால் அப்படித்தான், எத்தனை சோப்புப் போட்டாலும் ஒரு வாரத்துக்குப் போகாது. போன வாரம் தொண்டித் தெருக்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், டவுன் கல்லூரியின் ஒழுகும் குழாய்க்கும் துருப்பிடித்த தாங்கிக்கும் நடுவே மூன்று முறை செய்து பார்த்தாள். இரண்டு சோதனைக்குழாயை உடைத்துவிட்டு அங்குள்ள உதவியாளரிடம் ஏச்சும் வாங்கினாள். கணக்குப் போட்டு அத்தாவுக்கு அனுப்பியபோது, அவர் அதை லேப் பெண்ணிடம் காட்டி, சரியாக இருக்கிறதாம் என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

“படத்துல இருக்க வெரலப் பாரு. இதையும் பாரு” என்றாள்.

அம்ரீன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்திலிருந்த விரல்கள் பளிச்சென்று இருந்தன. அவள் கையேட்டை மூடி, அதை விசிறியாக்கிக் கொஞ்ச நேரம் முகத்துக்கு வீசிக்கொண்டாள்.

“ஒங்க காலேஜுல கடைசித் தேதி எப்ப லாத்தா?” என்று கேட்டாள்.